தெரியாமல் கொடுத்த மாத்திரை

மார்ச் 4, புதன்

அவர் இருட்டுவதற்குள் வந்துவிட்டார். வழக்கம்போல வாசலுக்கே போய்ப் பையை வாங்கிக்கொண்டேன். பையை வாங்குகிற சாக்கில் ஒரு மூச்சு. கிரீஸ், இரும்பு, வியர்வை. வேறு எதுவும் இல்லை. அப்புறம்தான் எனக்கு முகத்தில் சிரிப்பே வந்தது.

எதிர்வீட்டு அம்மா போன வாரம் சொன்னாள்: "புருஷனை வாசல்ல வந்து வரவேற்கறவ இந்தக் காலத்துல உன்னை விட்டா யாரு இருக்கா?" அவளுக்கு என்ன தெரியும். வரவேற்பா அது? சுங்கச் சோதனை.

கடையில் இன்று நல்ல கூட்டம். கண்ணாடிக் கடை வேலையில் ஒரு வசதி உண்டு. யார் கண்ணையும் மிக அருகில் போய்ப் பார்க்கலாம், ஒருவரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஃபிரேமைச் சரிசெய்கிற நேரத்தில் எந்தக் கண் தூங்கவில்லை, எந்தக் கண் அழுதது, எந்தக் கண் நேற்று குடித்தது என்று சொல்லிவிடுவேன். வீட்டிலும் அந்தப் புத்தி போகவில்லை. சாப்பிடும்போது அவர் கண்ணின் வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன, பவர் ஏறியிருக்கா?" என்று கேட்டுச் சிரித்தார். நல்ல மனநிலையில் இருந்தார். அவர் சந்தோஷமாக இருந்தாலே எனக்குச் சந்தேகம்.

மார்ச் 5

காலை டீயில் இன்றும் போட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

இன்று எழுதிவிடுகிறேன். வாய்விட்டுச் சொல்ல ஒரு ஆள் இல்லை.

அவரைக் குடியை நிறுத்தும் மருத்துவமனையில் சேர்த்து, வீட்டுக்கு அழைத்து வந்தபோது, டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். எங்கள் இருவரையும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார். "இது உடம்புல இருக்கும்போது ஒரு வாய் குடிச்சாலும் ஆளைப் புரட்டிப் போட்டுடும். முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், மூச்சு திணறும். உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால அவருக்குத் தெரிஞ்சு, அவர் சம்மதிச்சு சாப்பிடணும். தெரியாம மட்டும் குடுத்துடாதீங்கம்மா." நான் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன்.

கொஞ்ச நாள் ஒழுங்காகப் போயிற்று. காலையில் என் முன்னால் விழுங்கிவிட்டு, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுவார். பிறகு ஒரு நாள் மாத்திரை அட்டையை மேஜைமேல் வைத்தார். "போதும். தினமும் நாக்கை நீட்டறதுக்கு நான் என்ன சின்னப் பிள்ளையா? இனிமே என் மனசுதான் எனக்கு மாத்திரை. இதை நீயே குப்பையில போட்டுடு."

நான் போடவில்லை. புடவைகளுக்கு அடியில் வைத்தேன். மறுநாள் காலையில், அவர் குளித்துக்கொண்டிருந்தபோது, ஸ்பூனின் பின்பக்கத்தால் ஒன்றை நசுக்கி டீயில் கலந்தேன். ஒரு நாளைக்குத்தான் என்று நினைத்தேன். அவர் குடித்தார், கோப்பையை வைத்தார், வேலைக்குப் போனார், சாயந்தரம் குடிக்காமல் வந்தார். அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை.

இன்று அவருடைய அக்கா வந்திருந்தார். "என் தம்பி ஜெயிச்சுட்டான்! அந்தச் சனியனைத் தலைமுழுகிட்டான்" என்று அவர் தலையைத் தடவினார். இந்த வயதிலும் அக்கா தடவினால் அவருக்கு முகம் மலர்ந்துவிடும். "மனசு வெச்சேன்கா. அவ்வளவுதான்" என்றார். நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மனசாம். பாவம். நான் நசுக்கிப்போட்ட வெள்ளைப் பொடியைத் தன் மனசு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 11

போட்டாலும் பயம், போடாவிட்டாலும் பயம்.

போடாவிட்டால் குடித்துவிடுவார். போட்டிருக்கும்போது குடித்தால் செத்துப்போவார். இன்று கடையில் ஒருவருக்கு எழுத்துப் பலகையைக் காட்டி "எது தெளிவா இருக்கு, முதல் லென்ஸா ரெண்டாவதா?" என்று கேட்டேன். "ரெண்டுமே மங்கலாத்தான்மா இருக்கு" என்றார். என் கதையும் அதேதான் ஐயா என்று சொல்ல வாய்வரை வந்தது.

அவர் வேலை வேறு அப்படி. லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்று, இருட்டுக் குழிக்குள் கம்பி வடத்துக்கு எண்ணெய் போடுகிற ஆள். அங்கே போய்த் தலை சுற்றினால்?

எவனாவது ஒருவன், "சும்மா ஒரு வாய்தாம்ப்பா" என்று நீட்டினால்? அந்த ஒரு வாயில் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

மார்ச் 13

மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த காகிதத்தை மறுபடியும் படித்தேன். சவரம் செய்தபின் தடவுகிற தண்ணீர், வாய் கொப்பளிக்கிற மருந்து, இருமல் மருந்து, வாசனைத் தைலம், எதிலெல்லாமோ ஆல்கஹால் இருக்கலாமாம். சவரத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினேன். என் வாசனைப் புட்டியை எதிர்வீட்டு அம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். "என்ன விசேஷம்?" என்றாள். தும்மல் வருகிறது என்றேன். பொய் இப்போதெல்லாம் எனக்குத் தடையில்லாமல் வருகிறது. முன்னால் அவருக்கு வந்ததுபோல.

மார்ச் 16

நேற்று போடவில்லை. துணிந்து பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, வீட்டில்தான் இருந்தார். அவர் கடைக்குப் போய்ப் பேப்பர் வாங்கி வருவதற்குள் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்து நடந்து என் கால் ஓய்ந்துவிட்டது. மத்தியானம் கண் அயர்ந்தவரின் வாயருகே குனிந்து மோந்து பார்த்தேன். கண்ணைத் திறந்துவிட்டார். "என்ன?" "கொசு." வீட்டில் கொசுவே இல்லை.

இன்று காலை மறுபடியும் போட்டேன். போட்டதும் ஒரு நிம்மதி. வெட்கம்கெட்ட நிம்மதி.

மார்ச் 21, காலை

அவருக்கு இருமல். மாடிக் குழிகளில் இருக்கிற தூசி. வெந்நீர் கொடுத்தேன்.

கிளம்பும்போது "போற வழியில ஏதாவது மருந்து வாங்கிக்கறேன்" என்றார். நான் அப்போது டீக் கோப்பையின் அடியில் பொடி தங்கியிருக்கிறதா என்று பார்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன். "சரி" என்றேன்.

மார்ச் 22, ஞாயிறு

எப்படி எழுதுவது.

நேற்று முற்பகல் கடைக்கு ஃபோன் வந்தது. அவரோடு வேலை செய்கிற மீசை பேசினார். (மீசையை எடுத்துப் பல வருஷம் ஆகிறது. பெயர் மட்டும் முகத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது.) "அண்ணி, பயப்படாதீங்க" என்று ஆரம்பித்தார். அந்த வார்த்தையைக் கேட்டாலே பாதி உயிர் போய்விடுகிறது. "லிஃப்ட் மேல நின்னுட்டு இருந்தாரு. திடீர்னு மூஞ்சி, கழுத்தெல்லாம் ரத்தச் சிவப்பு. நெஞ்சைப் பிடிச்சுட்டாரு, வாந்தி. பெல்ட் மாட்டியிருந்ததால தப்பிச்சாரு அண்ணி, இல்லேன்னா..."

இல்லேன்னா. இல்லேன்னா என்ன ஆகியிருக்கும் என்று நான் ஆட்டோவில் போகிறபோது முழுசாகப் பார்த்துவிட்டேன்.

அவசரப் பிரிவில் கிடந்தார். மூக்கில் குழாய், கையில் ஊசி, முகம் வீங்கிச் சிவந்து அடையாளமே தெரியவில்லை. ரத்த அழுத்தம் இறங்கிப் போயிருக்கிறது என்று நர்ஸ் சொல்லிக்கொண்டிருந்தாள். அவருடைய அக்கா எனக்கு முன்னாலேயே வந்துவிட்டார். கட்டிலின் கால்மாட்டில் நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

"குடிச்சுட்டியாடா? மறுபடியும் குடிச்சுட்டியா? ஊர் முழுக்க உன்னைப் பெருமையா சொல்லிட்டுத் திரிஞ்சேனேடா!"

"இல்லக்கா. சத்தியமா இல்லக்கா." மூச்சு வாங்கியது அவருக்கு. "இருமல் மருந்துதான்... ரெண்டு மடக்கு... வேற எதுவும் தொடலக்கா."

"பொய் சொல்லாதே. இந்தக் கோலத்தை நான் பார்த்ததில்லையா?"

அவர் என் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லேன். தினமும் வாசல்ல என்னைப் பார்க்கறியே. நான் குடிச்சேனா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பேசாதீங்க, மூச்சு வாங்குது." அதைத்தான் சொன்னேன்! அவர் குடிக்கவில்லை என்று இந்த உலகத்தில் நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் நான். வாயை மூடிக்கொண்டு நின்றேன். பாவி.

டாக்டர் வந்தாள், சின்ன வயசுப் பெண். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று அவரைக் கேட்டாள். "எதுவும் இல்ல டாக்டர், முன்னாடி சாப்பிட்டேன், விட்டுட்டேன்" என்றார் அவர். டாக்டர் என்னைப் பார்த்தாள். அவர் முன்னால் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நர்ஸ் மறுபடியும் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள், எண்ணைப் பார்த்து முகம் சுளித்தாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கால் நகர்ந்தது. டாக்டர் பின்னாலேயே வெளியே ஓடி, திரைக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, சொல்லிவிட்டேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அவருக்குத் தெரியாமலா?" என்றாள். பிறகு உள்ளே போய் என்னென்னவோ மாற்றச் சொன்னாள். சாயந்தரத்துக்குள் சிவப்பு இறங்கியது. தப்பித்துவிட்டார்.

போகும்போது என்னைக் கூப்பிட்டாள். "அந்த மாத்திரை ரெண்டு வாரம் வரைக்கும் உடம்புல இருக்கும். தெரியாம வெளியே போய் எதையாவது குடிச்சா மறுபடியும் இதே கதிதான். அவர் இங்கேருந்து கிளம்பறதுக்குள்ள அவருக்குத் தெரிஞ்சாகணும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

நானே சொல்கிறேன் என்றேன். நாளைக் காலை வீட்டுக்கு விடுகிறார்கள்.

காகிதத்தில் நான் படித்த வார்த்தை, இருமல் மருந்து. படித்தவள் நான். அவர் வாங்கப்போகிறேன் என்றபோது சரி என்றவளும் நான்.

மார்ச் 23

சொல்லிவிட்டேன்.

கட்டிலில் உட்கார்ந்து சட்டை போட்டுக்கொண்டிருந்தார். முதலில் அவருக்குச் சந்தோஷம். ஆமாம், சந்தோஷம்! "அப்ப நான் குடிக்கலேன்னு அக்காவுக்குத் தெரிஞ்சுடும். வேலை இடத்துலயும் சொல்லிடலாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மற்றது உறைத்தது.

"எப்பலேருந்து?"

"நீங்க நிறுத்தின மறுநாள்லேருந்து."

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். கழற்றி முதலிலிருந்து போட்டார். அதுவும் மாறிப்போயிற்று.

"அப்ப ஜெயிச்சது நான் இல்ல. உன் ஸ்பூன்."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நானும் அப்படித்தானே நினைத்துக்கொண்டிருந்தேன். என் தலை தானாக ஆடியது. அதைப் பார்த்துவிட்டு அவர் எழுந்தார். அக்காவோடு போனார். என் பக்கம் திரும்பவில்லை.

மார்ச் 24

அவர் உடம்பில் அது இன்னும் இருக்கிறது. மனசில் இந்த ரணமும் இருக்கிறது. இந்த மாதிரிச் சமயத்தில்தான் அவர் முன்பெல்லாம் நேராக மதுக்கடைக்குப் போவார். இப்போது போனால்?

போனால் செத்துப்போவார் என்று அவருக்கே தெரியும். இப்போது அதுதான் என் பயம். தெரிந்தே போய்விட்டால்.

மார்ச் 26

அண்ணி, அவருடைய அக்கா, ஃபோன் செய்தார். எடுத்ததும் பொரிந்து தள்ளினார். "நீயெல்லாம் ஒரு பொண்டாட்டியா? கட்டினவனுக்கு டீயில கலந்து குடுத்திருக்கே. அவனை நான் ஆஸ்பத்திரியில நாலு பேர் முன்னாடி என்னவெல்லாம் பேசினேன், நீ பார்த்துட்டு நின்னுட்டு இருந்தியே!" எல்லாம் உண்மை. வாங்கிக்கொண்டேன்.

கடைசியில் அவர் குரல் இறங்கிவிட்டது. "என்னம்மா பண்றது இவனை? நான் குடுக்கற தண்ணியைக்கூட மோந்து பார்த்துட்டுத்தான் குடிக்கறான். அக்கா கையால குடுக்கறதை!"

இத்தனை காலம் மோந்து பார்த்தது நான். இப்போது அவருக்கும் அந்த வியாதியைக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 27

கடையில் ஒரு கிழவருக்கு வலது லென்ஸை இடதில் மாட்டிக் கொடுத்துவிட்டேன். வாசல்படி தெரியாமல் தடுமாறினார். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுக்குப் போயிட்டு வாம்மா" என்றார். எந்த வீட்டுக்கு?

மார்ச் 30, திங்கள்

தனியாகப் போய், அந்த மாத்திரை கொடுத்த டாக்டரைப் பார்த்தேன். வாசலில் நின்று திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை நினைத்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் கோபப்பட்டார். "நான் எவ்வளவு தெளிவா சொன்னேன்?" நான் அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்கவந்தேன் என்றேன். "மாத்திரை இல்லாம இனிமே அவர் எப்படி டாக்டர் இருப்பார்? இத்தனை நாள் அதுதானே அவரைக் காப்பாத்துச்சு?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அம்மா, இந்த மாத்திரை என்ன செய்யும்னு நினைச்சீங்க? குடிக்கற ஆசையை இது ஒரு துளிகூடக் குறைக்காது. அதுக்கு வேற மருந்து இருக்கு. இது செய்யறது ஒண்ணே ஒண்ணு. 'இன்னைக்குக் காலைல சாப்பிட்டிருக்கோம், குடிச்சா போய்ச் சேர்ந்துடுவோம்'னு ஆளுக்கு ஒரு பயத்தைக் குடுக்கும். அந்தப் பயம்தான் கையைப் பிடிச்சு நிறுத்தும். சாப்பிட்டதே தெரியாத ஆளுக்குப் பயம் எங்கேருந்து வரும்?"

எனக்குப் புரியவில்லை. புரிந்தது, நம்ப முடியவில்லை.

"அப்ப..."

"அவர் குடிக்காம இருந்தது அவராலதான். ஒவ்வொரு நாளும் ஆசை வந்திருக்கும், ஒவ்வொரு நாளும் அவரே தாண்டியிருக்கார். உங்க மாத்திரை அவருக்குக் குடுத்தது ஆபத்தை மட்டும்தான். பயத்தைச் சாப்பிட்டது நீங்க."

கொஞ்சம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். அவர் விடவில்லை. "தினமும் மோந்து பார்ப்பீங்களா?"

"ஆமா."

"பார்த்ததும் எப்படி இருக்கும்?"

"அப்பாடான்னு இருக்கும்."

"எவ்வளவு நேரத்துக்கு?"

யோசித்தேன். "அவர் கைகால் கழுவிட்டு வர்ற வரைக்கும்."

"அப்புறம்?"

"மறுபடியும் பார்க்கணும் போல இருக்கும்."

"நிறுத்திப் பார்த்ததுண்டா?"

"ஒரு நாள். முடியல டாக்டர். நாளைலேருந்து விட்டுடலாம்னு..." சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

"அந்த நாற்காலியில உக்காந்து எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க" என்றார் டாக்டர். "வாரா வாரம் வியாழக்கிழமை குடும்பத்துக்காரங்க கூட்டம் ஒண்ணு நடக்குது. உங்களுக்காகத்தான் சொல்றேன், அவருக்காக இல்ல."

ஏப்ரல் 1

அண்ணி வீட்டு மாடிப்படியில் வைத்து அவரிடம் சொன்னேன். உள்ளே வரச் சொல்லவில்லை. டாக்டர் சொன்னது அத்தனையும் சொன்னேன். "நீங்கதான். எல்லா நாளும் நீங்கதான். மாத்திரை இல்ல."

இரண்டு படி மேலே நின்றிருந்தார். இளைத்திருந்தார். சவரம் செய்யவில்லை. ஆனால் கண் சுத்தமாக இருந்தது. (பார்க்காமல் இருக்க முடியவில்லை. என்ன செய்வது.)

"இது என்ன, எனக்குத் தெரியாம கலக்கற அடுத்த மருந்தா?" என்றார்.

செருப்பால் அடித்ததுபோல இருந்தது. இந்த ஒரு தடவைதான் நான் உண்மையைக் கொண்டுவந்திருக்கிறேன், அதையும் மோந்து பார்க்கிறார்.

"என்னை நம்ப வேண்டாம். நீங்களே போய்க் கேளுங்க" என்றேன். இறங்கி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 2

வியாழக்கிழமைக் கூட்டத்துக்குப் போனேன். என் பக்கத்தில் ஒரு தையல்காரர், மகனுக்காக வந்தவர். "நான் அவன் சட்டைப் பையை நாய் மாதிரி நோண்டுவேன்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரித்தபடியே அழுதுவிட்டேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

அண்ணி ஃபோன். அவர் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாராம். வந்ததும், "அக்கா, அத்தனை நாளும் நான்தாங்கா" என்று சொல்லி அழுதாராம்.

ஏப்ரல் 8

வீட்டுக்கு வந்துவிட்டார்.

பையைத் தானே உள்ளே கொண்டுவந்து வைத்தார். "மாத்திரை வேண்டாம்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். வாராவாரம் வந்து பேசறேன்னிருக்கேன். உனக்குச் சொல்லிடறேன், அவ்வளவுதான். இன்னொண்ணு. என் டீயை நானே போட்டுக்கறேன்."

"சரி."

அடுப்படியில் நான் இருந்தால் அவர் வரமாட்டார். நான் வெளியே வந்ததும் போய்ப் போட்டுக்கொள்கிறார். ஒரே வீட்டில் இரண்டு பாத்திரம்.

அந்த இரண்டு வாரம் முடிந்துவிட்டது. அவர் உடம்பில் இப்போது எதுவும் இல்லை. குடித்தால் ஒன்றும் ஆகாது, சுகமாகக் குடிக்கலாம். இவ்வளவு நாள் குடித்தால் செத்துவிடுவாரே என்று பயந்தேன். இப்போது குடித்தாலும் சாகமாட்டாரே என்று பயப்படுகிறேன். என்ன ஜென்மம் நான்.

ஏப்ரல் 12

துவைக்கப் போட்டிருந்த அவர் சட்டையை முகத்தில் வைத்து மோந்துகொண்டிருந்தேன். கதவருகில் நின்று பார்த்துவிட்டார்.

"ஊதட்டுமா?" என்று கேட்டார். விளையாட்டாகச் சொன்னாரா, எரிச்சலா, தெரியவில்லை. பக்கத்தில் வந்து நிஜமாகவே என் முகத்தில் ஊதினார். பற்பசை வாசனை. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

ஏப்ரல் 17, வெள்ளி

சாயந்தரம் வந்தவர் உள்ளே போகாமல் என் எதிரில் உட்கார்ந்தார். நான் எழுந்து வாசலுக்குப் போகவில்லை, கூட்டத்தில் சொல்லிக்கொடுத்தபடி இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இன்னைக்குக் கடை வாசல் வரைக்கும் போயிட்டேன்" என்றார்.

நாற்காலியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"மேஸ்திரி எல்லார் முன்னாடியும் கேட்டான், இருமல் மருந்து எல்லாம் தெளிஞ்சுதா அப்படீன்னு. எல்லாரும் சிரிச்சானுங்க. நேரா கடைக்குத்தான் கால் போச்சு. கதவுல கை வெச்சுட்டேன். உள்ளேருந்து அந்த வாடை வந்துது. அப்புறம் திரும்பிட்டேன். ஏன் திரும்பினேன்னு கேக்காதே, எனக்குத் தெரியாது."

நான் கேட்கவில்லை.

"ஏன் சொல்றேன்னா," என்றார், "நீ மோந்து பார்த்திருந்தா ஒண்ணும் கிடைச்சிருக்காது. நான் குடிக்கலை. ஆனா இன்னைக்குத்தான் ரொம்ப மோசமான நாள். அது யாருக்காவது தெரியணும்."

எத்தனை சாயந்தரம் வாசலில் நின்றேன். கிரீஸ், இரும்பு, வியர்வை என்று திருப்திப்பட்டுக்கொண்டு உள்ளே வந்தேன். அதில் எத்தனை சாயந்தரம் இவர் இப்படிக் கதவில் கைவைத்துத் திரும்பி வந்தாரோ. என் மூக்குக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை.

"சொன்னீங்களே" என்று மட்டும் சொன்னேன்.

ஏப்ரல் 23

கூட்டத்தில் தையல்காரர் வரவில்லை. மகன் மறுபடியும் ஆரம்பித்துவிட்டானாம். வீடு வரும்வரை அதே நினைப்பு. இப்படியும் ஆகும். எங்களுக்கும் ஆகலாம். டாக்டரும் அதை மறைக்கவில்லை. "திரும்ப ஆரம்பிக்கறது நடக்கும். நடந்தா இங்கே வரணும், ஒளிஞ்சுக்கக் கூடாது" என்றுதான் சொல்லியிருக்கிறார்.

மே 2

மீசை வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறார். நாளை மத்தியானம் வழியனுப்பு விருந்து. பாட்டில் இல்லாமல் அந்தக் கூட்டம் கூடாது.

"போகலேன்னா நல்லா இருக்காது. சாப்பிட்டுட்டு வந்துடறேன்" என்றார். "நானும் வரட்டுமா" என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

மே 3, ஞாயிறு

அவர் கிளம்பியதும் ஜன்னலருகே நாற்காலியைப் போட்டேன். தெருமுனைவரை தெரியும் இடம். அப்புறம் அதை எடுத்துப் பழைய இடத்திலேயே போட்டுவிட்டு, பாயை விரித்துப் படுத்தேன். சும்மா கண்ணை மூடிக்கொள்வோம் என்றுதான் படுத்தேன்.

எழுந்தபோது வெயில் சுவரைவிட்டு இறங்கியிருந்தது. முன்னறையில் விசிறி ஓடும் சத்தம். பதறிப்போய் எழுந்து பார்த்தால், அவர் சட்டையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

"எப்ப வந்தீங்க?"

"ரொம்ப நேரம் ஆச்சு. நல்லா குறட்டை விட்டுட்டு இருந்தே, எழுப்பல." பேப்பரைப் புரட்டினார். "அங்கே ரொம்ப நேரம் உக்கார முடியல. நாலு வாய் சாப்பிட்டேன், மீசையைக் கட்டிப் பிடிச்சேன், வந்துட்டேன்."

நான் கலைந்த தலையை முடிந்துகொண்டேன். முகம்கூடக் கழுவவில்லை.

"டீ போடப் போறியா?" என்று பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே கேட்டார். "எனக்கும் சேர்த்துப் போடேன்."

அடுப்படிக்குப் போனேன். கதவை நன்றாகத் திறந்து வைத்தேன். அவர் எட்டிப்பார்க்கவில்லை. கோப்பையைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன், அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கோப்பையையே பார்த்துக்கொண்டு.

பேப்பரை மடித்துவைத்தார். கோப்பையைத் தூக்கி ஒரு மடக்குக் குடித்தார். இன்னொரு மடக்கு.

"சர்க்கரை கம்மி" என்றார்.

நான் எழுந்துபோய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன்.